வார்டில் தொலையும் பெண்கள்: தென்னாப்பிரிக்க உள்ளாட்சித் தேர்தல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட், மெரிபேங்க், லெனேசியா என்று தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஊர்களில் உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கவுன்சிலராக நிற்க நினைக்கும் பெண்களுக்கும், அவர்களை நிறுத்த நினைக்கும் குடும்பத்தாருக்கும், கோயில் சபைகளுக்கும், குடியிருப்போர் சங்கங்களுக்கும் பயன்படும். கடைசியாக நகராட்சித் தேர்தல் நடந்தது 2021 நவம்பர் 1-இல். ஒரு மன்றத்தின் ஆயுள் 5 ஆண்டுகள். அது முடிந்த 90 நாட்களுக்குள் அடுத்த தேர்தலை நடத்தியாக வேண்டும் என்கிறது அரசியலமைப்புச் சட்டம்.

தமிழ்நாட்டில் இருப்பதுபோல இங்கே பெண்களுக்கென்று ஒதுக்கிய வார்டு உண்டா?

இல்லை. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்க 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. அங்கே ஒரு வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால் ஆண் வேட்பாளர் மனுவே போட முடியாது. தென்னாப்பிரிக்காவில் எந்த வார்டும் யாருக்கும் ஒதுக்கப்படுவதில்லை. ஊரில் பஞ்சாயத்துத் தலைவியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்குள்ள முறை அதைவிட மென்மையானது, அதில் ஓட்டைகளும் உள்ளன.

அப்படியானால் இங்குள்ள சட்டம் என்னதான் சொல்கிறது?

1998-இன் நகராட்சிக் கட்டமைப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. கட்சிப் பட்டியலில் (கட்சிக்குக் கிடைக்கும் இடங்களுக்கு ஏற்ப மேலிருந்து வரிசையாக உள்ளே போகும் பெயர்கள்) 50 சதவீதம் பெண்கள் இருக்கவும், ஆண்களும் பெண்களும் பட்டியல் முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவும் ஒவ்வொரு கட்சியும் முயல வேண்டும் என்பது அதன் சாரம். பெண், ஆண், பெண், ஆண் என்று மாறி மாறி வரும் இந்த அடுக்கை இங்கே வரிக்குதிரைப் பட்டியல் என்பார்கள்.

இரண்டு இடங்களில் நின்று கவனிக்க வேண்டும். முதலாவது, சொல் “முயல வேண்டும்” என்பதுதான். முயலாத கட்சிக்குத் தண்டனை எதுவும் எழுதப்படவில்லை. பெண்கள் குறைவு என்பதற்காகத் தேர்தல் ஆணையம் ஒரு பட்டியலைத் திருப்பி அனுப்புவதில்லை. இரண்டாவது, அந்த வாக்கியம் பட்டியலைப் பற்றி மட்டுமே பேசுகிறது. வார்டு வேட்பாளர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மன்றத்தின் பாதி இடங்கள் வார்டிலிருந்தே வருகின்றன.

பட்டியலில் பாதிப் பெண்கள் இருந்தும் மன்றத்தில் ஏன் பாதி வருவதில்லை?

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். டர்பனை ஆளும் இத்தெக்வினி மாநகர மன்றத்தில் 2021 தேர்தல் கணக்குப்படி 222 உறுப்பினர்கள்: 111 பேர் வார்டிலிருந்து, 111 பேர் கட்சிப் பட்டியலிலிருந்து. மாநகரத்தில் ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குச்சீட்டு, ஒன்று வார்டு வேட்பாளருக்கு, மற்றொன்று கட்சிக்கு. மாநகரம் அல்லாத ஊர்களில் மாவட்ட மன்றத்துக்கென மூன்றாவது சீட்டும் உண்டு.

எளிய உதாரணம். 20 இடங்கள் கொண்ட மன்றம், 10 வார்டுகள், 20,000 பேர் வாக்களிக்கிறார்கள், சுயேச்சை எவரும் இல்லை. இரு சீட்டுகளையும் கூட்டினால் 40,000 வாக்குகள். அதை 20 இடங்களால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 2,001. ஓர் இடத்துக்கான ஒதுக்கீட்டு எண் இதுதான். முதல் கட்சிக்கு 20,000 வாக்கு, இரண்டாவதற்கு 16,000, மூன்றாவதற்கு 4,000 என்று வைத்துக்கொள்வோம். 2,001-ஆல் வகுத்தால் முழு இடங்கள் 9, 7, 1. மிஞ்சும் மூன்று இடங்கள் மீதிவாக்கு அதிகமுள்ள கட்சிக்கு முதலில் என்று போகும். இங்கே மூவருக்கும் ஒவ்வொன்று. ஆக 10, 8, 2.

இனிதான் கவனிக்க வேண்டிய இடம். முதல் கட்சி ஏற்கெனவே 8 வார்டுகளை வென்றிருக்கிறது. 10-இல் 8 போக, அதன் பட்டியலிலிருந்து 2 பேர்தான் உள்ளே வருவார்கள். அதில் ஒருவர் பெண். இரண்டாம் கட்சி 2 வார்டு வென்றது, பட்டியலிலிருந்து 6 பேர், அதில் 3 பெண்கள். மூன்றாம் கட்சிக்கு வார்டு இல்லை, பட்டியலிலிருந்து 2 பேர், ஒரு பெண். எல்லாக் கட்சியும் பட்டியலை ஒழுங்காகப் போட்டிருந்தாலும் பட்டியல் வழியாக வருவது 5 பெண்கள். வார்டுகளில் 10-க்கு 2 பெண்களே நிறுத்தப்பட்டு வென்றிருந்தால் மொத்தம் 7 பேர், அதாவது 35 சதவீதம்.

வார்டு அதிகம் வெல்லும் கட்சிக்குப் பட்டியல் இடம் குறையும். எனவே ஊரில் பலமாக இருக்கும் கட்சியில்தான் பட்டியலின் பாதுகாப்பு பெண்களுக்கு மிகக் குறைவாகக் கிடைக்கிறது. இதை அறியாமல் “எங்கள் கட்சிப் பட்டியலில் பாதி பெண்கள்” என்ற அறிவிப்பைக் கேட்டு மனநிறைவு அடைந்துவிடுகிறோம்.

உண்மையான எண்ணிக்கை என்ன?

மேலே போட்ட கற்பனைக் கணக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நாடு முழுவதும் கவுன்சிலர்களில் பெண்கள் 2006-இல் ஏறத்தாழ 40 சதவீதம், 2011-இல் 38, 2016-இல் 41, 2021-இல் 37. 15 ஆண்டுகளாக ஒரே இடத்தைச் சுற்றி வருகிறது, கடைசியில் இறங்கியும் விட்டது. 2006-இல் எண்ணிக்கை முன்பைவிடத் தாவியதற்குக் காரணம் சட்டம் மாறியதல்ல. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் உள்ளாட்சிக்கு 50 சதவீத ஒதுக்கீட்டைத் தன் கட்சி விதியாக எடுத்துக்கொண்டது. மற்றொரு பெரிய கட்சியான டெமாக்ரடிக் அலையன்ஸ் ஒதுக்கீட்டைக் கொள்கையாகவே ஏற்பதில்லை. ஆக, ஒரு கட்சியின் உள்விதியையும் அது வாங்கும் வாக்கையும் நம்பித்தான் நாட்டின் எண்ணிக்கையே நிற்கிறது. அந்தக் கட்சி வாக்கு இழந்தால் பெண்களின் இடமும் சேர்ந்து இறங்கும்.

நாடாளுமன்றத்தில் நிலைமை மேலாக இருக்கிறதே, ஏன்?

அங்கே வார்டு இல்லை. 400 இடங்களும் விகிதாசார முறையில் நிரம்புகின்றன. 2024 முதல் சுயேச்சைகளும் போட்டியிடலாம் என்பது மட்டும் புதிது. 1994-க்கு முந்தைய நாடாளுமன்றத்தில் பெண்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. 1994-இல் 400 பேரில் 111 பெண்கள். இன்று 40 சதவீதத்துக்கு மேல். நாடாளுமன்றத்துக்குப் பெண் ஒதுக்கீட்டுச் சட்டம் எதுவும் கிடையாது. கட்சிகள் தாமாகப் போட்ட பட்டியல்தான் இதைச் செய்தது. 1994 முதல் அவைத்தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர்களில் மாக்ஸ் சிசுலு ஒருவரைத் தவிர அனைவரும் பெண்கள். முதலாமவர் ஃப்ரீன் ஜின்வாலா.

கட்சி எனக்குப் பட்டியலில் 12-ஆம் இடம் தருகிறது. ஏற்கலாமா?

ஏற்குமுன் ஒரு கழித்தல் கணக்கு. கடந்த தேர்தலில் அந்த மன்றத்தில் உங்கள் கட்சிக்குக் கிடைத்த மொத்த இடங்களிலிருந்து அது வென்ற வார்டுகளைக் கழியுங்கள். வருவது பட்டியலிலிருந்து போனவர்களின் எண்ணிக்கை. அது 6 என்றால் 12-ஆம் இடம் அலங்காரத்துக்கு வைத்த பெயர். முடிவுகள் எல்லாம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வார்டு வாரியாக இருக்கின்றன. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இன்னொரு நுணுக்கம்: ஒரே ஆள் வார்டிலும் பட்டியலிலும் நிற்கலாம். வார்டை வென்றால் அவர் பெயர் பட்டியலிலிருந்து நீங்கும், கீழே உள்ளவர் ஒரு படி ஏறுவார். உங்களுக்கு மேலே இருக்கும் 11 பேரில் யார் யார் வெல்லக்கூடிய வார்டில் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். 5 பேர் என்றால் உங்கள் உண்மையான இடம் 7. இந்தக் கேள்வியைக் கேட்கும் பெண்ணைப் பார்த்துக் கட்சிக்காரர்கள் முகம் சுளிக்கலாம். ஆனாலும் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வார்டு வேட்பாளரைத் தேர்வு செய்வதில் பெண்கள் எங்கே விழுகிறார்கள்?

வாக்காளரிடம் அல்ல, பெரும்பாலும் அதற்கு முன்பே, கிளைக் கூட்டத்தில். கூட்டம் வேலை நாளில் இரவு ஏழுக்குத் தொடங்கும், கூட்டம் செல்லத் தேவையான ஆட்கள் சேரவே எட்டாகும், வாக்கெடுப்பு பத்துக்கு மேல். அந்த நேரத்தில் டாக்சி கிடையாது. குழந்தைக்குச் சாப்பாடு கொடுத்து, மாமியாருக்கு மருந்து கொடுத்துவிட்டு வருபவர் வரும்முன் பெயர்கள் முடிவாகியிருக்கும். அதோடு உறுப்பினர் கட்டணம் நிலுவையில் இருந்தால் வாக்குரிமை போய்விடும். வீட்டில் கணவருடையதை மட்டும் புதுப்பித்து மனைவியுடையதை விட்டுவிடுவது நம் குடும்பங்களில் சாதாரணம்.

செய்ய வேண்டியது தேர்தலுக்கு ஓராண்டு முன்பே. உங்களை ஆதரிக்கும் ஒவ்வொரு பெண்ணின் உறுப்பினர் சீட்டும் நடப்பில் இருக்கிறதா பாருங்கள். கூட்டத்தைச் சனி மதியத்துக்கு மாற்ற எழுத்தில் கேளுங்கள். பரப்புரை செப்டம்பர், அக்டோபரில் வருமானால் அது புரட்டாசி. விரதக் குடும்பங்களில் சனிக்கிழமை சமையலும் பூசையுமாகப் போகும், ஆகவே அந்த மாதத்தில் மட்டும் ஞாயிறைக் கேளுங்கள். கூட்டத்துக்குப் போக, வர ஒரு வாகனம் ஏற்பாடு செய்வது நூறு துண்டறிக்கையைவிட அதிகம் வேலை செய்யும்.

கட்சியே வேண்டாம், சுயேச்சையாக நிற்க என்ன செய்ய வேண்டும்?

முதலில், நீங்கள் அந்த நகராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். அதே வார்டில் குடியிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. அடையாள எண்ணை 32810-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் எங்கே பதிவாகியிருக்கிறீர்கள் என்று பதில் வரும். தேர்தல் தேதி அரசிதழில் வெளியான நாளோடு பட்டியல் மூடப்படும். அதன்பின் திருத்த முடியாது.

வேட்பு மனுவோடு வேண்டியவை: அந்த வார்டில் பதிவான 50 வாக்காளர்களின் கையெழுத்து, நீங்கள் ஒப்புக்கொள்ளும் படிவம், தகுதியிழப்பு இல்லை என்ற உறுதிமொழி, அடையாள அட்டை நகல், வைப்புத்தொகை. 2021-இல் சுயேச்சைக்கு 1,000 ராண்ட். வார்டில் பதிவான வாக்கில் 10 சதவீதம் வாங்கினால் திரும்பக் கிடைக்கும்.

பெரும்பாலான மனுக்கள் கையெழுத்தில்தான் அடிபடுகின்றன. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் எல்லை வரையறை வாரியம் வார்டுகளைத் திருத்தி வரைகிறது. தெருவின் ஒருபக்கம் ஒரு வார்டு, எதிர்ப்பக்கம் மற்றொன்று என்று ஆகிவிடும். எதிர்வீட்டு அக்கா ஆசையாகப் போட்ட கையெழுத்து செல்லாது. வீட்டுத் தலைவர் “எல்லாருக்கும் நானே போட்டுடறேன்” என்று நாலு கையெழுத்துப் போட்டால் மூன்று செல்லாது. எனவே 50-க்கு 80 வாங்குங்கள். ஒவ்வொரு அடையாள எண்ணையும் அன்றிரவே சரிபாருங்கள். மனுவைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். 2021-இல் ஆளுங்கட்சியே பல நகராட்சிகளில் கெடுவுக்குள் பட்டியல் கொடுக்கத் தவறியது. பின்னர் தேர்தல் தள்ளிப்போனதால் மனுக் காலம் மறுபடி திறக்கப்பட்டது. அந்த வாய்ப்பு எப்போதும் வராது.

கணவர் கடனில் மூழ்கி நொடித்துப் போனவர். அது என்னைப் பாதிக்குமா?

பாதிக்கலாம். பல பெண்கள் இதைக் கடைசி நேரத்தில்தான் அறிகிறார்கள். நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்து, அந்த நிலை இன்னும் நீங்காதவர் கவுன்சிலராக முடியாது. முன்திருமண ஒப்பந்தம் எழுதாமல் செய்த பதிவுத் திருமணம் இங்கே சொத்துக் கூட்டு முறையில் அடங்கும். கூட்டுச் சொத்து நீதிமன்ற ஆணையால் முடக்கப்பட்டால் கணவன், மனைவி இருவருமே நொடித்தவர்கள் ஆவார்கள், கடன் அவர் ஒருவர் வாங்கியதாக இருந்தாலும். வெறும் கடன், வங்கி நோட்டீஸ், கடன் ஆலோசனை ஆகியவை இதில் சேரா. நீதிமன்ற ஆணை இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மனுப் போடுமுன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

மற்ற தடைகள்: அபராதத்துக்கு வழியின்றி 12 மாதத்துக்கு மேல் சிறை விதிக்கப்பட்டவர்கள், தண்டனை முடிந்து 5 ஆண்டு வரை; மனநலக் காரணமாக நீதிமன்றம் தகுதியற்றவர் என்று அறிவித்தவர்கள். நகராட்சி ஊழியர் தம் நகராட்சியில் வேட்பாளராக நிற்கலாம், வென்றால் வேலையை விட வேண்டும்.

இந்தியாவிலிருந்து வந்து நிரந்தர வசிப்பு அனுமதி வாங்கியிருக்கிறேன். நிற்கலாமா?

முடியாது, வாக்களிக்கவும் முடியாது. இரண்டுக்கும் தென்னாப்பிரிக்கக் குடிமகளாக இருக்க வேண்டும்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போடலாமா?

வாடகைக்கு எடுக்கலாம், கோயில் ஆதரவு தருவதாகக் காட்டக் கூடாது. வரிவிலக்குப் பெற்ற பொதுநல அமைப்பாகக் கோயில் பதிவாகியிருந்தால், தன் வளங்களை எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ பயன்படுத்தக் கூடாது என்கிறது வருமானவரிச் சட்டம். மண்டபத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டுக் காவடி அறிவிப்போடு வேட்பாளர் பெயரையும் வாசித்தால் கோயிலின் வரிவிலக்குக்கே கேடு. எல்லா வேட்பாளருக்கும் ஒரே வாடகை, ரசீதோடு. அதுவே கோயிலுக்கும் உங்களுக்கும் பாதுகாப்பு.

வாட்ஸ்அப்பில் மிரட்டுகிறார்கள், அசிங்கமாக எழுதுகிறார்கள். பொறுத்துத்தான் போக வேண்டுமா?

வேண்டாம். தேர்தல் நடத்தை விதித்தொகுப்பில் பெண்களுக்கென்று தனிப் பிரிவே உண்டு. பெண்கள் கட்சிகளோடும் வேட்பாளர்களோடும் தடையின்றிப் பேசும் உரிமையை மதிக்க வேண்டும், அரசியலில் அவர்கள் முழுமையாகவும் சமமாகவும் பங்கெடுக்க வழிசெய்ய வேண்டும், பொதுக்கூட்டம், ஊர்வலம் எதிலும் தடையின்றி வர விட வேண்டும் என்று எல்லாக் கட்சிகளையும் வேட்பாளர்களையும் அது கட்டுப்படுத்துகிறது. மீறினால் தேர்தல் நீதிமன்றம் அபராதம் விதிக்கலாம், வைப்புத்தொகையைப் பறிக்கலாம். இந்தப் பிரிவை மேற்கோள் காட்டி வரும் புகார்கள் மிகக் குறைவு. பெண்களே அதை அறியாததுதான் காரணம் என்பது எங்கள் கருத்து.

தனிமனிதர் தொல்லை என்றால் 2011-இன் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி பக்கத்து மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேளுங்கள். வழக்கறிஞர் தேவையில்லை, எழுத்தரிடம் படிவம் வாங்கிப் பிரமாண வாக்குமூலம் கொடுத்தால் போதும். அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால ஆணை கிடைக்கும். எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி திரையைப் படமெடுத்து வையுங்கள், மூலச் செய்தியை அழிக்காதீர்கள். வன்முறை மிரட்டலைச் செய்தியாக அனுப்புவது இணையக் குற்றச் சட்டப்படியும் குற்றம்; அதற்குக் காவல் நிலையத்தில் வழக்கு எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

“நம் பெண்களுக்கு அரசியல் எதற்கு” என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

இந்த நாட்டில் தமிழ்ப் பெண்கள் அரசியலுக்குப் புதியவர்கள் அல்லர் என்று சொல்லுங்கள். 1913-இல் கேப் நீதிமன்றத் தீர்ப்பொன்று கிறித்தவ முறையில் செய்யாத திருமணங்கள் செல்லாது என்றது. நம் பாட்டிகள் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர்கள் ஆனார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தொழிலாளர்மீது விதித்த 3 பவுண்டு வரிக்கு எதிராக வேலை நிறுத்தம் செய்யத் தொழிலாளர்களை அழைத்தார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து நோயோடு வந்து 1914 பிப்ரவரியில் இறந்தார், வயது 16. 1946-இன் சாத்வீக எதிர்ப்பில் டர்பன் மருத்துவர் டாக்டர் குணம் சிறை சென்றார். இவர்களில் எவருக்கும் வாக்கு இல்லை. 1930-இன் சட்டம் பெண்களுக்கு வாக்கு தந்தபோது வெள்ளைப் பெண்களுக்கு மட்டுமே தந்தது. எல்லோருக்குமான வாக்கு 1994-இல்தான் வந்தது. அந்தத் தேர்தலில் நாடாளுமன்றம் போன டர்பன்காரர் பிரெக்ஸ் கோவெண்டர், பெண்களின் வாழ்நிலை குறித்த நாடாளுமன்றக் குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

அப்புறம் நடைமுறைக் காரணமும் உண்டு. தண்ணீர் வராதது, குப்பை எடுக்காதது, தெருவிளக்கு எரியாதது மூன்றும் கவுன்சிலரின் வேலை. இம்மூன்றின் பாரமும் வீட்டில் யார் தலையில் விழுகிறது என்று கேளுங்கள்.

பெண் கவுன்சிலர் பதவி விலகினார். அந்த இடத்துக்கு ஓர் ஆணைக் கொண்டுவந்துவிட்டார்கள். இது சரியா?

சட்டப்படி செல்லும். விலகியவர் வார்டு கவுன்சிலர் என்றால் 90 நாட்களுக்குள் இடைத்தேர்தல், யார் வேண்டுமானாலும் நிற்கலாம். பட்டியல் கவுன்சிலர் என்றால் பட்டியலில் அடுத்த பெயர் வரும். வரிக்குதிரைப் பட்டியலில் பெண்ணுக்கு அடுத்து நிற்பவர் ஆண் என்பதால், எதுவும் செய்யாவிட்டால் அந்த இடம் ஆணுக்கே போகக்கூடும். ஆனால் இடம் காலியான 21 நாட்களுக்குள் கட்சி தன் பட்டியலை மாற்றலாம், புதிய பெயரும் சேர்க்கலாம். பெண்ணின் இடத்தைப் பெண்ணுக்கே காக்க வேண்டுமென்றால் பேச வேண்டிய நேரம் அந்த 21 நாள். கிளையின் பெண்கள் பிரிவு முதல் வாரத்திலேயே பெயரோடு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். 22-ஆம் நாள் போனால் அடுத்த தேர்தல் வரை அந்த இடத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.